பாடும் வீடும் பேறும்

கிளிநொச்சியிலே மாலை வேளைகளில் நடைபெறும் பண்டித வகுப்பிலே ஒருநாள் நன்னூல் நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் தொழிற்பெயர். முதனிலை திரிந்த தொழிற்பெயருக்கு உதாரணமாகக் கெடு என்பது கேடு என்றும், படு என்பது பாடு என்றும், விடு என்பது வீடு என்றும், பெறு என்பது பேறு என்றும் முதலெழுத்து நீண்டு வருதலைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

“ஐயா, அறம் பொருள் இன்பம் வீடு என்னுமிடத்து வீடு என்பதற்கு மோட்சம் என்று பொருள் சொன்னீர்கள். நாங்கள் குடியிருக்கும் இடத்தையும் வீடு என்கிறோம். விடுதல் என்ற சொல்லிலிருந்து குடியிருக்கும் இடம் எப்படி வந்தது?”

நல்ல வினா. பழஞ்செய்யுட்களிலே குடியிருக்கும் இடத்தைக் குறிக்க இல், மனை, அகம், நகர், குரம்பை என்னும் சொற்களே பயின்று வரும். வீடு என்பது இல்லத்தைக் குறித்தல் பிற்காலத்துப் பெருவழக்கு. பகல் முழுதும் பற்றிநின்ற தொழிலை விட்டு இளைப்பாறும் இடமாதலின் அப்பெயர் பெற்றது என்பாருமுளர். இவ்வாறு விடை கூறினேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “எங்கள் தாத்தா எல்லாவற்றையும் விட்டவர், ஐயா. அவருக்கு வீடு கிடைக்கவில்லை” என்றாள்.

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய தாத்தாவை யான் அறிவேன். அவருடைய கிணற்றுத் தண்ணீரை ஆறாண்டு குடித்தவன் யான். அம்மாணவிக்கு அன்று சொல்லாது விட்ட விடையையே ஈண்டு எழுதுகின்றேன்.

வந்தோர் நாடு

வன்னியின் ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வவுனிக்குளம், இரணைமடு, முத்தையன்கட்டு, விசுவமடு, ஒட்டுசுட்டான், மாங்குளம். குளம், மடு, மோட்டை, கட்டு, முறிப்பு என்று முடிவன எத்தனை! இந்நிலத்திலே நீர் முன்னே வரும். குடி பின்னே வரும். நீர் தேங்கிய இடத்திலே குடி தங்கியது. நீர் வற்றிக் குளம் தூர்ந்தபோது குடியும் பெயர்ந்தது. காடும் மலேரியாக் காய்ச்சலும் எஞ்சியிருந்தன.

கனகராயன் ஆற்றை மறித்துக் குளம் அமைத்தற்கு ஹென்றி பார்க்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1885ஆம் ஆண்டிலே திட்டம் வகுத்தார். 1902இல் தொடங்கிய வேலை 1921இலே நிறைவேறியது. இரணை என்பது எம்மவர் வழக்கில் இரட்டை என்னும் பொருளது; இரண்டு குளங்கள் ஒன்றானமையால் இரணைமடு எனப் பெயர் வந்தது என்பர். அக்குளத்தைக் கட்ட வந்த தொழிலாளர் தங்கிய பாசறையே கிளிநொச்சி. யாழ்ப்பாணத்திலே சனநெருக்கமும் வேலையின்மையும் மிகுந்தமையால், 1936ஆம் ஆண்டிலே குடியேற்றத் திட்டமொன்று வகுக்கப்பட, அப்பாசறை ஊராயிற்று. 1946 முதலாக டி.டி.ரி. மருந்து தெளித்து நுளம்பை அடக்கிய பின்னரே மக்கள் அச்சமின்றிக் காடு வெட்ட முன்வந்தனர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் குடியேற்றத் திட்டங்கள் பல எழுந்தன. படித்த வாலிபர்களுக்கெனவும் காணிகள் வழங்கப்பட்டன. என் மனைவியின் பாட்டனார் 1936ஆம் ஆண்டுக் குடியேற்றத்திலே ஒரு மண்வெட்டியோடும் இரண்டு மாட்டோடும் வந்தவர்.

ஆகவே, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளின் பழைய குளத்தடி ஊர்களைத் தவிர்த்துப் பார்த்தால், இன்று வன்னியிலே வாழ்வோரிற் பெரும்பாலோர் வந்தோரே. சிலர் தொண்ணூறு ஆண்டுக்கு முன் வந்தனர். சிலர் நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முன் வந்தனர். ஆயினும் எம்மிடையே “வந்தான் வரத்தான்” என்றொரு சொல் வழங்குகின்றது. முன்னே வந்தவன் பின்னே வந்தவனைச் சுட்டும் சொல் அது. தானும் வந்தவனே என்பதை மறக்கவே அச்சொல்லை அவன் எடுத்தாளுகின்றான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பட்ட பாடு

யான் பிறந்த ஊர் வலிகாமம் வடக்கிலே உள்ளது. கல்வீடு, நான்கு பக்கமும் மதில், முற்றத்திலே மாமரம், காணிக்குத் தோம்பும் உறுதியும். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே அவ்வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பிலே செருகிக்கொண்டு வெளிக்கிட்டோம். ஒரு கிழமையில் மீளலாம் என்பது எம் எண்ணம். உறவினர் வீடுகளிலே ஐந்தாண்டு கழிந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் தேதி வலிகாமம் முழுவதுமே எழுந்து நடந்தது. நாவற்குழிப் பாலத்திலே ஓர் அடி வைக்க ஒரு நாழிகை சென்ற அந்த இரவை அனுபவித்தோர் மறவார். தென்மராட்சியிலே சில மாதம் இருந்துவிட்டு, கிளாலிக் கடனீரேரியைப் படகிலே கடந்து, பூநகரி வழியாகக் கிளிநொச்சி வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு பாடசாலையில் எனக்கு ஆசிரியப் பணி கிடைத்தது. ஒரு கொட்டிலும் போட்டோம். கூரைக் கிடுகின் பசுமை மாறுமுன்னரே, 1996ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசியில் கிளிநொச்சியை நோக்கிப் படை நகரத் தொடங்கியது. மீண்டும் எழுந்தோம்.

தாயார், சிறிய தாயார், தங்கை, யான் என நால்வர், ஒரு சைக்கிள், ஆடிக் கச்சான் காற்று. பரந்தன் முல்லைத்தீவு வீதியிலே கிழக்கு நோக்கி இரண்டு நாள் நடந்தோம். பாடசாலைகள் நிறைந்திருந்தன. கோயில் மண்டபங்களும் நிறைந்திருந்தன. மரநிழல்களுக்கும் உடையவர் இருந்தனர். தெரிந்தவர் என்று எண்ணிச் சென்ற இரண்டு வீடுகளிலே, இடமில்லை என்பதைப் பல காரணங்களோடு விளக்கினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அங்கும் ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம் இருந்தது.

விசுவமடுவுக்கு அயலிலே, வீதியினின்றும் உள்ளொதுங்கிய ஒரு குடியிருப்பிலே, பொழுதுபடும் வேளையிற் படலையொன்றைத் தட்டினோம். மெலிந்த, உயர்ந்த, அறுபது வயது கடந்த ஒருவர் வந்தார். எங்கிருந்து வருகிறோம், எத்தனை பேர், எத்தனை நாளைக்கு என ஒன்றுமே கேட்டாரல்லர்.

“உள்ள வாங்க ஐயா. கெணத்துல தண்ணி இருக்கு. மத்தத காலையில பாத்துக்கலாம்.”

இவ்வளவே அவர் சொன்னது. அன்றிரவு அவர் குடும்பம் வெளித்திண்ணையிற் படுத்தது. எம்மை உள்ளே படுக்கவிட்டனர்.

மறுநாட் காலையிலே நடந்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கின்றது. எழுதாது விடுவதும் முறையன்று. அவருடைய பேச்சைக் கேட்ட என் சிறிய தாயார், கிணற்றடியில் என்னை ஒருபுறம் அழைத்து, “தம்பி, இவை ஆர் ஆக்கள்?” என்று தாழ்ந்த குரலிலே கேட்டார். “மலைநாட்டிலே இருந்து வந்த ஆக்கள்போலை இருக்கு” என்றேன். சிறிய தாயார் எம்மிடையே வழங்கும் இழிசொல் ஒன்றால் அவர்களைச் சுட்டி, அவர்களுடைய வாளியிலே தண்ணீர் அள்ளத் தயங்கினார். யான் அவரைக் கண்டித்தேனல்லேன். வாளாவிருந்தேன். பெரியவர் வேலியோரத்திலே கதியால் ஊன்றிக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அன்று மாலை பாடசாலையைத் தேடி அலைந்து திரும்பினேன். கிணற்றுக்கட்டிலே ஒரு புதுக் கயிறும் புது வாளியும் இருந்தன. “உங்களுக்குத்தான் ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அப்பாற் போனார். அக்காலத்திலே, பொருளாதாரத் தடை இறுகியிருந்த வன்னியிலே, ஒரு வாளி எளிதிற் கிடைக்கும் பொருளன்று. தம் வீட்டிலிருந்த நெல்லிற் சிறிது கொடுத்து அதனை வாங்கினார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இருநூறு ஆண்டுத் தேட்டம்

அவ்வளவிலே தென்கிழக்கு மூலையில் எமக்கொரு கொட்டில் போட்டுத் தந்தார். நாட்சென்றபின் சிறிய தாயாரின் தயக்கமும் நீங்கியது. இரு வாளிகளும் ஒரு வாளியாயின. மாலை வேளைகளில் அவர் தம் கதையைச் சொல்லுவார். அவர் சொன்னதும் யான் நூல்களிற் கற்றதும் ஒன்றையொன்று நிரப்பின.

ஆயிரத்து எண்ணூற்று இருபதுகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கூலியாட்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு அவர்கள் கால்நடையாகவே சென்றனர். அவ்வழி வன்னியின் விளிம்பைத் தொட்டுச் செல்வது. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே வீழ்ந்தோர் கணக்கில் அடங்கார். 2023ஆம் ஆண்டிலே, அவ்வருகையின் இருநூறாவது ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைபயணம் சென்றதை வாசகர் அறிவர். பெரியவர் அதற்கு முன்னரே மறைந்துவிட்டார். ஆயினும் “எங்க பாட்டன் இந்தக் காட்டுப் பக்கமாத்தான் நடந்து போனாராம், நான் திரும்பி வந்திருக்கேன்” என்று அவர் சொல்வது வழக்கம்.

அவர் பிறந்தது லயத்திலே. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னே ஓர் இஸ்தோப்பு. அதற்குள்ளே மூன்று தலைமுறை. வேலை உள்ளவரை காம்பரா உண்டு. வேலை போனாற் காம்பராவும் போம். சுவர் தோட்டத்தினது, கூரை தோட்டத்தினது, அடுப்புக் கல்லும் தோட்டத்தினது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதனையடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. 9,75,000 மக்களை இரண்டு அரசுகள் பங்கிட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது. பத்தாண்டின் பின் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். இவ்வெண்களுக்குள்ளே பெரியவரின் குடும்பமும் இருந்தது. தம்பியர் இருவர் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றுத் தலைமன்னாரிற் கப்பலேறி, நீலகிரியிலே தாயகம் திரும்பியோருக்கென அமைந்த தேயிலைத் தோட்டத்திற் சேர்ந்தனர். இவர் இலங்கையே வேண்டுமென விண்ணப்பித்தார். விண்ணப்பத்துக்கு விடை வரவில்லை.

1977ஆம் ஆண்டு ஆவணிக் கலவரத்திலே அவர் இருந்த லயம் எரிக்கப்பட்டது. மனைவியையும் ஐந்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு வவுனியாவுக்கு வந்தார். அவரைப்போல அந்நாட்களில் வடக்கு நோக்கி வந்தோர் பல்லாயிரவர். அவர்களுக்கு நிலமும் விதையும் பாலர் பாடசாலையும் அமைத்துக் கொடுக்க முன்வந்தோருள் காந்தீயம் என்னும் அமைப்பினர் குறிப்பிடத்தக்கவர். கட்டடக் கலைஞரான சொ. அ. டேவிட் அவர்களும் வைத்தியர் இராஜசுந்தரம் அவர்களும் அதன் தூண்கள். மாளிகைகளுக்கு வரைபடம் வரையக் கற்றவர், நாடற்றவருக்குக் குடிசை போடும் பணியை மேற்கொண்டார். இருவரும் 1983இலே சிறைப்பட்டனர். இராஜசுந்தரம் அவ்வாண்டு ஆடி மாதம் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். டேவிட் ஐயா முதுமையிலே தாயகம் மீண்டு, 2015இலே கிளிநொச்சியிற் காலமானார்.

பெரியவர் வவுனியாவினின்றும் விசுவமடுவுக்குக் கூலிவேலை தேடி வந்தார். வாலிபர் குடியேற்றத் திட்டத்தின்கீழ் வழங்கிய காணியொன்றிலே மிளகாய்த் தோட்டக் காவலராக அமர்ந்தார். 1970 முதல் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தமையால் வன்னி மிளகாய்க்கு நல்ல விலை இருந்தது. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்படவே விலை வீழ்ந்தது. காணிக்காரர் சில ஆண்டிலே வெளிநாடு சென்றார். “பார்த்துக்கொள்” என்று சொல்லிப் போனவர் திரும்பவில்லை. பெரியவர் பார்த்துக்கொண்டார். வந்த மறுவருடமே தம் கையாலே வெட்டத் தொடங்கிய கிணற்றைக் கல்லிலே கட்டி முடித்தார், பலா நட்டார், தென்னை நட்டார், மகளுக்கு மணம் செய்து வைத்தார். இருபது ஆண்டிலே மேடும் பற்றையுமாயிருந்த நிலம் வளவாயிற்று. அனுமதிப்பத்திரத்திலே மட்டும் மற்றவர் பெயர் இருந்தது.

யான் 1998இல் மணம் செய்து, 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தின் பின் மனைவியின் சீதனக் காணியிலே கிளிநொச்சியில் வீடு கட்டிச் சென்றேன். 2003ஆம் ஆண்டு நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தபோது, பெரியவர் தமது பிரசாவுரிமைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “படிச்சுக் காட்டுங்க ஐயா” என்றார். படித்தேன். மறுமுறையும் படிக்கச் சொன்னார். பின்னர் அதனை ஒரு பிஸ்கற் தகரத்திலே வைத்து மூடினார். அப்போது அவருக்கு எழுபது கடந்துவிட்டது.

விட்டவை

2009ஆம் ஆண்டை விரித்துரையேன். தை மாதத்திலே விசுவமடு எழுந்தது. வன்னி முழுதும் கிழக்கே கடல் நோக்கி ஒடுங்கியது. பங்குனியிலே பெரியவரின் மருமகன் எறிகணைக்கு இரையானான். சித்திரையில் மாத்தளன் நீரேரியைக் கடந்தபோது அப்பிஸ்கற் தகரம் நீரிலே போயிற்று. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே, முட்கம்பிக்கு இப்பால், தறப்பாட் கூடாரத்திலே அவரைக் கண்டேன். “வளவு எப்பிடி இருக்கோ” என்பதே அவர் என்னிடம் இறுதியாகக் கேட்டது. ஆவணியிலே இறந்தார். பிறந்தது தோட்டத்தின் கூரைக்குக் கீழே. இறந்தது முகாமின் கூரைக்குக் கீழே.

மெனிக் பாம் 2012ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே மூடப்பட்டது. இறுதியாக வெளியேறிய கேப்பாபிலவு மக்கள் தம் ஊருக்குச் செல்ல முடியவில்லை. ஊரிலே படையினர் இருந்தமையாற் சீனியாமோட்டையிலே இறக்கிவிடப்பட்டனர். 2017ஆம் ஆண்டு மாசி மாதம் முழுவதும் பிலக்குடியிருப்பு மக்கள் தம் வளவுகளுக்கு முன்னே வீதியில் இருந்து, அவற்றை மீளப் பெற்றதை யாவரும் அறிவர். அக்காலம் தொட்டு “காணி விடுவிப்பு” என்பது எம் பத்திரிகைகளிலே நாளாந்தம் வரும் தொடராயிற்று. விடுவிப்பு என்பதும் வீடு பிறந்த அடியிலே பிறந்ததே.

2016இலே எம்மூர்க் காணியும் விடுவிக்கப்பட்டது. இருபத்தாறு ஆண்டுப் பழைய திறப்போடு சென்றேன். கதவு இல்லை, நிலை இல்லை, சுவரும் இல்லை. கிணறு தூர்ந்து, அதன்மேல் வேம்பு முளைத்திருந்தது. அவ்வளவின் நடுவே நின்றபோது ஓர் உண்மை தெரிந்தது. இருபத்தாறு ஆண்டாக யான் தேடியது அவ்விடத்தில் இல்லை. திறப்பை ஆங்கேயே வேம்படியில் வைத்துவிட்டு வந்தேன். விடுதல் என்பதன் பொருள் அன்று விளங்கிற்று. என் வீடு கிளிநொச்சியிலேதான் என்று மனம் அமைந்தது.

தாழ்த்த சாட்சி

ஆனால் அவ்வீட்டிலே நிம்மதியாக இருக்க எனக்கு உரிமையுண்டோ என்பதே கேள்வி.

இந்திய உதவி வீட்டுத்திட்டம் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளை அமைத்தது. பயனாளியே கட்டிக்கொள்ளல் முறை. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, பகுதி பகுதியாக வழங்கப்படும். மனைவியின் காணிக்கு அளிப்புப் பத்திரம் இருந்தமையால் எமக்கு இடர் இல்லை. பற்றாக்குறைக்குக் கடன் பட்டு, 2013இலே வீட்டை முடித்தோம்.

பெரியவரின் மகள் 2010இலே விசுவமடுவுக்கு மீண்டிருந்தாள். வேலி இல்லை, பலா எரிந்திருந்தது, பற்றைக்குள்ளே வளவு எதுவென்றே தெரியவில்லை. கிணற்றுக்கட்டைக் கண்டே காணியை அறிந்தாள். இரண்டு பெண்பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருந்தாள். வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தாள். காணிப் பத்திரம் கேட்டார்கள். பத்திரம் மற்றவர் பெயரில் இருந்தது. இவ்வாறு மலைநாட்டிலிருந்து வந்து கூலிக்கும் காவலுக்கும் அமர்ந்து வேரூன்றிய குடும்பங்கள் பல, கிளிநொச்சிப் பகுதியிலே பத்திரமின்றி நின்றன.

அனுமதி பெற்றவர் நிலத்தைக் கைவிட்டுப் போயிருப்பின், விசாரணை செய்து, குடியிருந்து பயிர் செய்தோருக்கு அதனை மாற்றிக் கொடுக்கச் சட்டத்திலே இடமுண்டு. அதற்கெனக் காணிக்கச்சேரி கூட்டப்பட்டது. அயலவர் பலர் திரும்பவில்லை, சிலர் இறந்துவிட்டனர். அங்கே அக்குடும்பம் வாழ்ந்ததைக் கண்ணாரக் கண்ட சாட்சி யான். அவள் வந்து கேட்டாள். வருகிறேன் என்றேன்.

இரண்டு நாளின் பின் வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வந்தது. காணிக்காரர் எம்மூரவர், எமக்குத் தூரத்து உறவு. “தம்பி, நீ அங்கை போய் ஒண்டும் சொல்லிப்போடாதை. எங்கடை ஆக்களின்ரை காணி” என்றார். காணிக்கச்சேரி அன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

மாணாக்கருக்கு வாய்மையைப் பற்றி முப்பது ஆண்டாகப் பாடம் நடத்துகின்றவன் செய்தது இது. அன்று யான் போயிருந்தால், அவளுக்கும் அவ்வைந்தரை இலட்சம் கிடைத்திருக்கும். அடுத்த காணிக்கச்சேரி கூட இரண்டு ஆண்டு சென்றது. அதற்குள் அப்பகுதியிலே வீட்டுத்திட்டம் முடிந்துவிட்டது.

அவ்விரண்டு ஆண்டிலும் அவள் என்னை ஒருமுறையேனும் குறை கூறவில்லை. வீதியிலே கண்டால், “சுகமா இருக்கிறீங்களா ஐயா?” என்பாள். அவ்வாறு கேட்டதே எனக்குத் தாங்கவில்லை. 2015ஆம் ஆண்டுக் காணிக்கச்சேரிக்கு ஒருவரும் அழையாமலே போனேன். “கிணறு ஆர் வெட்டினது?” என்று அலுவலர் கேட்டார். வெட்டியவரைச் சொன்னேன், அவர் சொல்ல அறிந்த ஆண்டைச் சொன்னேன், அதிலே ஆறாண்டு தண்ணீர் குடித்ததைச் சொன்னேன், புதுக் கயிற்றையும் வாளியையும் சொன்னேன். முதல் முறை வாராமைக்குக் காரணத்தையும் சொன்னேன். அலுவலர் எழுதுவதை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். பின்னர் எழுதினார். 2017இலே அவள் பெயருக்கு அனுமதிப்பத்திரம் வந்தது. வெளிநாட்டு உறவினர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

குடிபூரல்

உதவித்திட்டம் எதுவும் இன்றி அவ்வீடு எழுந்தது. மூத்த மகள் ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்றாள். ஓராண்டுச் சம்பள மிச்சம் அத்திவாரமாயிற்று. மறு ஆண்டு மிச்சம் நான்கு வரிசைக் கல்லாயிற்று. மேசனுக்குக் கூலி கொடுக்க இயலாத நாட்களில் தாயும் மக்களுமே சாந்து குழைத்துக் கல் எடுத்துக் கொடுத்தனர். நிலை வைத்த பின் இரண்டு ஆண்டு வேலை நின்றது. சென்ற ஆண்டு ஆவணியிலே ஓடு போட்டு முடித்தார்கள். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. பெரியவரின் காம்பராவைப் போல நான்கு மடங்கு இருக்கும்.

குடிபூரலுக்கு எம்மை அழைத்திருந்தார்கள். வாசலிலே நிறைகுடம்; மாவிலைத் தோரணம். தாயானவள் மூன்று கல் கூட்டிப் பால் காய்ச்சினாள். கிழக்கே பொங்கி வழிந்தது. சுவரிலே தாத்தாவின் படம் இல்லை. அவரைப் படம் எடுத்தார் எவருமிலர். அடையாள அட்டையும் தகரத்தோடு போயிற்று. படம் தொங்கவேண்டிய இடத்திலே அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

வந்தவர்கள் பாத்திரமும் பணமும் கொடுத்தனர். யான் கொண்டு சென்றது ஒரு புதுக் கயிறும் ஒரு புது வாளியும். தாய் அதனை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “ஐயா, கெணத்துக்கு இப்ப மோட்டர் பூட்டியாச்சே!” என்றாள். ஆயினும் எடுத்துச் சென்று கிணற்றுக்கட்டிலே வைத்தாள். முன்பு அவள் தந்தை வைத்த அதே பக்கத்திலே வைத்தாள். என் சிறிய தாயார் மறைந்து பல ஆண்டாகின்றது. இருந்திருப்பின் அவரையும் அழைத்துச் சென்றிருப்பேன்.

வகுப்பிலே வினாவிய மாணவி அவ்வீட்டின் இளைய மகள். அவளுக்கு யான் தரக்கூடிய விடை இதுவே. பாடு உன் தாத்தாவினது. வீடு என்பதற்கு இலக்கணத்திலே விடுதல் என்று பொருள். ஊரையும் உறவையும் உடைமையையும் மீண்டும் மீண்டும் விட்டவர் அவர். எம்மைப் போன்றோர் விடவேண்டியதும் ஒன்றுண்டு. முன்னே வந்தோம் என்னும் எண்ணத்தை யாம் விடாதவரை, பின்னே வந்தவருக்குப் பேறு இல்லை. அதனை விடுவதற்கு எனக்கு இரண்டு ஆண்டு சென்றது. இன்னும் பத்திரமின்றி இருக்கும் குடும்பங்கள் வன்னியிலே உள. அவர்கள் கிணற்றிலே தண்ணீர் குடித்தவர்களும் உளர். அடுத்த காணிக்கச்சேரிக்குக் காய்ச்சல் என்று சொல்லாது அவர்கள் போகவேண்டும்.